எங்க நோவுது மக்கா? எல்லா வகைப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் வலியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க

வலியைப் பற்றிப் பாடம் நடத்த ஏற்ற நாள், வகுப்பில் யாருக்கும் வலி இல்லாத நாள்தான். தடுப்பூசி போட ஆள் வரும் நாளிலோ, மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட மத்தியானத்திலோ ஆரம்பித்தால் பாடம் மனசில் ஏறாது, பயம்தான் ஏறும். வாரத்தின் நடுவில், காலைச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தெளிவாக இருக்கும் முதல் பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பாடவேளைகள் வேண்டும். ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்காதீர்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறப்பாசிரியை. வட்டார வள மையத்திலிருந்து அரசுப் பள்ளிகளுக்குப் போய்வருவது என் வேலை. முன்பு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளிகள். இப்போது குளச்சல், முட்டம் பக்கம் கடலோரப் பள்ளிகள். ஒரே வகுப்பில் சட்டென்று புரிந்துகொள்ளும் பிள்ளையும் இருக்கும், மெதுவாகக் கற்கும் பிள்ளையும் இருக்கும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, காது கேளாத பிள்ளை, பார்வை இல்லாத பிள்ளை என்று ஏதாவது ஒரு வகையில் எல்லாரும் இருப்பார்கள். இந்தப் பாடத்தைச் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் தனி அறையில் நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வலியைச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, கேட்கிறவர்கள் நம்பவும் வேண்டும். பேச்சு வராத பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை முதலில் பார்ப்பது ஆசிரியர் இல்லை, பக்கத்தில் இருக்கும் பிள்ளை. அதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இந்தப் பாடத்துக்கு என் மனசில் இருக்கும் இலக்கு இவ்வளவுதான். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வலியைச் சொல்ல அதற்கென்று ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியில் அது சொன்னால், மற்றவர்கள் நம்ப வேண்டும்.

முதலில் நமக்குத் தெரிய வேண்டியது

நம் தோலிலும் தசையிலும் மூட்டிலும் குடலிலும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அதிகச் சூடு, அதிக அழுத்தம், சில வேதிப்பொருள்கள் பட்டால் அவை முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. 'இங்கே ஆபத்து இருக்கலாம்' என்பது மட்டும்தான் அந்தச் செய்தி. அதை வலியாக உணர்வது மூளை. மூளை அந்தச் செய்தியை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. கண்ணில் ரத்தம் தெரிகிறதா, போன தடவை இப்படி ஆனபோது என்ன நடந்தது, பயமாக இருக்கிறதா, அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. தூத்தூர் பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் காலில் தோல் உரிந்திருப்பது தெரியும், அப்புறம்தான் நோவு ஆரம்பிக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 'வலி மூளையில்தான் இருக்கு' என்று மொட்டையாகச் சொல்லி நிறுத்திவிட்டால், பிள்ளைகள் அதை 'வலி வெறும் நினைப்பு' என்று எடுத்துக்கொள்ளும். மறுநாளே ஒருவன் இன்னொருவனைப் பார்த்து 'உனக்கு ஒண்ணுமில்ல, மூளைதான் சும்மா சொல்லுது' என்பான். மூளை உண்டாக்கும் எல்லா வலியும் நிஜமான வலி என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-ல் வலிக்கு ஒரு வரையறை கொடுத்து, 2020-ல் அதைத் திருத்தியது. உடம்பில் உண்மையான சேதம் இருந்தாலும், சேதம் ஆகலாம் என்ற நிலை இருந்தாலும், அதைப் போன்ற உணர்வு மட்டும் இருந்தாலும் வலி வரலாம் என்கிறது அது. வலி உடலின் அனுபவமாகவும் மனதின் அனுபவமாகவும் இருக்கிறது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும், சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதும் அதோடு சேர்ந்த குறிப்புகளில் இருக்கிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கடைசி வரி மிக முக்கியம்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? நான் வீட்டு நாயை வைத்துத்தான் சொல்வேன், எங்கள் பக்கம் நாய் இல்லாத தெரு இல்லை. நாய் குரைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திருடன் வந்தாலும் குரைக்கும், தபால்காரர் வந்தாலும் குரைக்கும். சத்தமாகக் குரைப்பதாலேயே வந்தவன் பெரிய திருடன் என்று ஆகாது. வீட்டில் ஒரு தடவை திருட்டு நடந்துவிட்டால், அப்புறம் கொஞ்ச நாளைக்குத் தென்னை ஓலை விழுந்தால்கூடக் குரைக்கும். சில நாள் தூங்கிப்போய், திருடன் வந்துபோனதே தெரியாமல் இருக்கும். ஆனால் குரைத்தது என்றால் குரைத்ததுதான், நம் காதில் விழுந்தது பொய் இல்லை. இவ்வளவையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. முதல் பாடவேளையில் திருடனும் தபால்காரரும் போதும். மீதியை வரவர எடுத்துக்கொள்ளலாம்.

உடம்புப் படமும் நோவுச் சொற்களும்

பழைய நாளிதழ்களைப் பசை போட்டு ஒட்டிப் பெரிய தாளாக ஆக்குங்கள். ஒரு பிள்ளையை அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை படுக்க விரும்பினால், அந்தப் பிள்ளையையே படுக்க வையுங்கள். பிசியோதெரபி செய்யும்போது அந்த உடம்பை மற்றவர்கள் தொட்டுத் திருப்புவார்கள், எங்கே இழுக்கிறது என்று அதனிடம் கேட்பவர்கள் குறைவு. இன்று வகுப்பே அதைக் கேட்கட்டும். பார்வை இல்லாத பிள்ளைக்காக, கோட்டின் மேல் கயிற்றை ஒட்டிவிடுங்கள். தடவிப் பார்த்து 'இது முட்டு, இது இடுப்பு' என்று அது சொல்லும்.

அப்புறம் கேளுங்கள்: இதுவரை எங்கெல்லாம் நோவு வந்திருக்கிறது, எப்படி இருந்தது? பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது. கடலோரத்தில் முதலில் வருவது திருக்கை முள். 'அப்பாவுக்குக் குத்திச்சு டீச்சரே, ராத்திரி பூரா கடுத்துது' என்பார்கள். கெளுத்தி முள், சொறி (ஜெல்லி மீன்) பட்ட எரிச்சல், வலை இழுத்துக் கை காந்துவது எல்லாம் வரும். மலைப்பக்கம் என்றால் ரப்பர் பால்வெட்டும் கத்தி, மாமரத்து முசுறு எறும்பு. சில வீடுகளில் அம்மாவும் பாட்டியும் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள். அண்டி எண்ணெய் பட்டு விரல் தோல் பொள்ளிப்போனதை அந்தப் பிள்ளைகள் சொல்வார்கள். குத்துது, எரியுது, கடுக்குது, இழுக்குது, விண்விண்ணென்று தெறிக்குது, உளையுது, மரத்துப்போச்சு என்று அவர்கள் சொல்வதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். பாடப்புத்தகச் சொல்லாக மாற்ற வேண்டாம். நாளைக்கு வலி வரும்போது பிள்ளையின் வாயில் வரப்போவது இந்தச் சொற்கள்தான், மருத்துவருக்குப் பயன்படுவதும் இவைதான்.

(திருக்கை முள் பேச்சு வந்தால் இதையும் சொல்லிவைக்கலாம். சூடு பட்டால் அந்த விஷத்தின் வீரியம் குறையும். பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் குத்துப்பட்ட காலை வைத்திருந்தால் கடுப்பு குறையும், பிறகு கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெந்நீரின் சூட்டைக் குத்துப்படாத கையால்தான் பார்க்க வேண்டும்.)

பேச்சு வராத பிள்ளை உடம்புப் படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டட்டும். காது கேளாத பிள்ளைகளுக்குக் குத்துவதற்கும் எரிவதற்கும் பெரும்பாலும் ஏற்கெனவே தனித்தனிச் சைகை இருக்கும். அவர்களை முன்னால் நிற்க வைத்து வகுப்பு முழுவதற்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அன்று அவர்கள்தான் ஆசிரியர். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு 'எப்படி இருந்தது?' என்ற கேள்வி பிடிபடாது. 'எரிஞ்சதா, குத்திச்சா?' என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால் பதில் வரும்.

ஒட்டிய படத்தில் மறைவிடத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே நோவு என்றாலும் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று சாதாரணக் குரலில் ஒரு வாக்கியம் போதும். யாராவது வேண்டுமென்றே நோகச் செய்தால், அது யாராக இருந்தாலும், டீச்சரிடமோ நம்புகிற பெரியவரிடமோ சொல்ல வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கூப்பிடலாம் என்பதை இதோடு சேர்த்தே சொல்லிவிடுவேன்.

வரிசை விளையாட்டு

பிள்ளைகள் கடைசிவரை மறக்காத பகுதி இது, நேரம் எடுத்துச் செய்யுங்கள். இதில் யாரையும் கிள்ளவோ குத்தவோ கூடாது. வலியைப் புரியவைக்க வலி கொடுக்கத் தேவையே இல்லை.

பத்துப் பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக நிற்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் நிற்பவர் கால் விரல், மறு முனை மூளை, நடுவில் ஒருவர் முதுகுத்தண்டு. அதேபோல் இன்னொரு வரிசை, அவர்களும் அதே கால்விரலிலிருந்து அதே மூளைக்குப் போகிறவர்கள். முதல் வரிசைக்காரர்கள் கையில் அழுத்தம் வந்ததும் உடனே அடுத்தவர் கையை அழுத்த வேண்டும். இரண்டாவது வரிசைக்காரர்கள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். கால் விரலாக இருப்பவர் கல்லில் இடித்துக்கொண்டார் என்று வைத்து, இரண்டு வரிசைக்கும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். மூளைப் பிள்ளைக்கு முதல் வரிசையின் செய்தி வந்ததும் 'சுரீர்!' என்று கத்த வேண்டும். ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது வரிசையின் செய்தி வரும், அப்போது 'உ...ளை...யு...து' என்று இழுக்க வேண்டும். வகுப்பு சிரித்து முடிந்ததும் கேளுங்கள், கால் விரலை இடித்துக்கொண்டபோது இப்படித்தானே இருந்தது? முதலில் சுரீர் என்று ஒன்று, ஒரு மூச்சு கழித்து உளைச்சல்.

காரணம் இரண்டு வகை நரம்பிழைகள். மெல்லிய உறை உள்ளவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி கொண்டுபோகும். உறை இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு. ஐந்தாம் வகுப்பு என்றால் கணக்குப் போடச் சொல்லுங்கள். கால் விரலிலிருந்து முதுகுத்தண்டு வரை முக்கால் மீட்டர் என்று வைத்தால், நொடிக்கு 15 மீட்டரில் எவ்வளவு நேரம், நொடிக்கு 1 மீட்டரில் எவ்வளவு நேரம்? முதலாவது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு, இரண்டாவது முக்கால் நொடி. கணக்குப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் பாடம் பிடிக்கும்.

இப்போது முதுகுத்தண்டுப் பிள்ளைக்கு ஒரு கூடுதல் வேலை கொடுங்கள். செய்தி வந்த உடனே, மூளைக்கு அனுப்பும் முன்பே, 'காலை எடு!' என்று கால் விரலைப் பார்த்துக் கத்த வேண்டும். சூடான பாத்திரத்தில் கை பட்டால் 'ஆ' என்று உணரும் முன்பே கை வந்துவிடுகிறதே, அதற்கு இதுதான் காரணம். அந்தத் தீர்மானம் முதுகுத்தண்டிலேயே எடுக்கப்படுகிறது.

மூன்றாவது சுற்றில், முதுகுத்தண்டுப் பிள்ளையின் தோளை இன்னொரு பிள்ளை விடாமல் தடவிக்கொண்டே இருக்கட்டும். தடவிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் முதுகுத்தண்டு, மூன்று அழுத்தம் வந்தால் ஒன்றை மட்டும்தான் மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. மூளைப் பிள்ளைக்கு வரும் செய்தி குறைந்துவிடும். இடித்த இடத்தை அம்மா தேய்த்துவிட்டால் ஏன் குறைகிறது என்பதற்கு இதையொட்டிய விளக்கத்தை 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவரும் முன்வைத்தார்கள். தொடுதலைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்பாக இருக்கும்போது, முதுகுத்தண்டில் வலிச் செய்திக்கான வழி பாதி அடைபடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கருத்தில் நிறையத் திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனாலும் தேய்த்துவிட்டால் குறையும் என்பது ஒவ்வொரு பிள்ளையும் தன் முட்டிலேயே பார்த்தது.

கை கோத்தால் பிடிக்காத பிள்ளை இருந்தால் கைக்குப் பதில் ஒரு துண்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும், அழுத்தத்துக்குப் பதில் ஒரு இழுப்பு. விதிகளை நினைவில் வைக்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு மூளை வேடம் கொடுங்கள், கை அழுந்தும்போது கத்தினால் போதும், அதுதான் எல்லாரும் கேட்டு வாங்கும் வேடமும். சக்கர நாற்காலிப் பிள்ளையை ஓரத்தில் 'பார்வையாளராக' உட்கார வைக்காதீர்கள். வரிசையை நாற்காலிக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளலாம்.

காந்தாரி மிளகும் அட்டையும்

வலி வேறு, காயம் வேறு என்பதுதான் இந்தப் பாடத்தில் மிகக் கடினமான பகுதி. எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று, மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கோடு தொட்டுத் தின்னும் காந்தாரி மிளகு, அதாவது காந்தாரி மிளகாய். வாய் எரியும், கண்ணீர் வரும், காது சுடும். கண்ணாடியில் நாக்கைப் பார்த்தால் வெந்த தடம் ஒன்றும் இருக்காது. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணர்வதற்கென்று நரம்பு நுனியில் இருக்கும் ஒரு புரதத்தைத் திறந்துவிடுகிறது. சுமார் 43 டிகிரி சூட்டில் திறக்க வேண்டியது, வாயின் சாதாரணச் சூட்டிலேயே திறந்துகொள்கிறது. மூளைக்குப் போகும் செய்தி 'சுடுது' என்பதுதான். டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997-ல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கும், அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காரத்துக்கு மேல் சூடு சாயா குடித்தால் ஏன் உயிர் போகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள், இரண்டும் ஒரே புரதத்தைத் தட்டுவதால்தான். வகுப்பில் யாருக்கும் மிளகாய் கொடுக்க வேண்டாம். நினைத்தாலே எல்லார் வாயிலும் வந்துவிடும்.

இன்னொன்று அட்டை. மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்துவந்த பிள்ளைகளுக்குத் தெரியும், கடித்தது தெரியவே தெரியாது. கால்சட்டையில் ரத்தம் பார்த்த பிறகுதான் தேடுவார்கள். காந்தாரியில் வலி உண்டு, காயம் இல்லை. அட்டையில் காயம் உண்டு, வலி இல்லை. கடலோரப் பிள்ளைகளுக்கு அட்டை அவ்வளவு பழக்கமில்லை என்றால், பந்தாட்டத்தில் தெரியாமல் போன சிராய்ப்பைச் சொல்லுங்கள்.

எவ்வளவு நோவு என்று கேட்பது

பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லு என்பது எட்டு வயதுக்கு மேல், எண்களின் பெரிது சிறிது புரிந்த பிள்ளைகளுக்குச் சரி. சின்னப் பிள்ளைகளுக்கு முகப்படங்கள். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்து அழும் முகத்தில் முடியும் படங்களை நான் எடுக்கமாட்டேன். மனசு சந்தோஷமாக இருக்கும் பிள்ளை, நோவு இருந்தாலும் சிரிக்கும் முகத்தைத் தொட்டுவிடும். அம்மாவைத் தேடும் பிள்ளை, நோவு இல்லாமலே அழும் முகத்தைத் தொடும். 2001-ல் வந்த திருத்திய முக அளவுகோலில் ஆறு முகங்கள். சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. புருவமும் வாயும் இறுகுவது மட்டும் கூடிக்கொண்டே போகும். அதுவே நல்லது.

பார்வை இல்லாத பிள்ளைக்கும், எண்ணும் முகமும் பிடிபடாத பிள்ளைக்கும் நான் நான்கு புளியங்கொட்டைகள் வைத்திருப்பேன். ஒன்று என்றால் கொஞ்சம் நோவு, நான்கும் என்றால் இதைவிடப் பெரிய நோவு இல்லை. எத்தனை எடுக்கிறதோ அத்தனை. நான்கு சில்லுகளை வைத்துக் கேட்கும் இந்த முறையைப் பிள்ளைகளின் மருத்துவத்திலும் பயன்படுத்துகிறார்கள். நான்கும் கூடப் பிடிபடாவிட்டால் 'நோவுதா, இல்லையா' என்பதற்கு இரண்டு அட்டை. அதில் உறுதியான பிறகு 'கொஞ்சமா, ரொம்பவா'.

எந்த அளவுகோலாக இருந்தாலும் இரண்டு பிள்ளைகளை ஒப்பிடாதீர்கள். ஒரே முள்ளுக்கு ஒருவன் மூன்று சொல்வான், இன்னொருத்தி எட்டு சொல்வாள். இரண்டும் சரி. நேற்று எட்டு, இன்றைக்கு ஐந்து என்று ஒரே பிள்ளையோடு ஒப்பிடத்தான் அளவுகோல்.

சொல்ல முடியாத பிள்ளைகள்

1980-கள் வரை பல நாடுகளில் பிறந்த குழந்தைகளுக்குப் போதுமான மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கை. இந்தியாவில் மருத்துவம் படித்துப் போன கே. ஜே. எஸ். ஆனந்தும் ஹிக்கியும் 1987-ல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்த முக்கியமான ஒன்று. பேச்சு வராத பிள்ளைகளைப் பற்றியும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றியும் 'அவங்களுக்கு அவ்வளவா நோவாது' என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. நோவும். அவர்கள் காட்டும் விதம்தான் நமக்குப் பழக்கமில்லாதது.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு வலி சாதாரணமாகவே அதிகம். தசை இறுக்கம், இடுப்பு மூட்டு விலகல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், காலில் மாட்டும் காலிபர் சின்னதாகிப்போவது என்று காரணங்கள் பல. ஆட்டிசம் உள்ள பிள்ளை திடீரென்று தலையை அடித்துக்கொண்டால், சேட்டை என்று முடிவு கட்டும் முன் பல்லையும் காதையும் வயிற்றையும் பாருங்கள்.

இதற்கு நல்ல வழி, வீட்டுக்காரர்களிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதிவைப்பது. 'அக்கா, பிள்ளைக்கு வயிறு நோவும்போது என்ன செய்வான்? காய்ச்சல் வந்தப்போ முகம் எப்படி இருந்தது? எதைச் செய்தா அடங்குவான்?' கடலோரப் பள்ளி ஒன்றில் ஒரு அம்மா சொன்னது: 'அவன் சத்தம் போட்டா எனக்குப் பயம் இல்ல டீச்சரே. சத்தமே இல்லாம இருந்தாத்தான் பயம்.' அந்தப் பையனுக்கு நோவு வந்தால் அசையாமல் ஒரு பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். வகுப்பில் அவன் 'இன்னைக்கு நல்ல பிள்ளையா இருக்கான்' என்று பேர் வாங்கும் நாள்தான் அவனுக்கு நோவு உள்ள நாள். இதை அம்மா சொல்லாமல் யாருக்கும் தெரிந்திருக்காது.

சொல்ல முடியாத பிள்ளையின் வலியைக் கணிக்க ஃபிளாக் (FLACC) என்று ஒரு அளவுகோல் 1997-ல் வந்தது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போட்டு, மொத்தம் பத்துக்குக் கணக்கிடுவது. 2006-ல் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக அதைத் திருத்தியபோது, பெற்றோர் தம் பிள்ளைக்கே உரிய அடையாளங்களைச் சேர்த்துக்கொள்ள இடம் வைத்தார்கள். நாம் எழுதும் அந்த ஒரு பக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மற்றப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள், அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. 'அவன் அசையாம இருந்தா டீச்சர்கிட்ட சொல்லணும்' என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், பெரியவர்களைவிட அவர்கள்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

நோவு தெரியாத பிள்ளைகள்

நாய் தூங்கிப்போகும் கதை இங்கேதான் வர வேண்டும். ஸ்பைனா பைஃபிடா (பிறவியிலேயே முதுகுத்தண்டு சரியாக மூடாத நிலை) உள்ள பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே தொடுவதும் சுடுவதும் தெரியாமல் இருக்கலாம். மார்ச் மாத மத்தியானத்தில் பள்ளி முற்றத்துச் சிமெண்டில் வெறுங்காலோடு இருந்தால் மற்றவர்கள் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள், அந்தப் பிள்ளை அங்கேயே இருக்கும். செருப்பு எப்போதும் காலில் இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் வீட்டில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நாற்காலியில் இருந்தால் அரைமணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தப் புண் வரும். வகுப்பில் மணி பார்த்து நினைவுபடுத்தும் வேலையை ஒரு தோழிக்குக் கொடுத்துவிடலாம்.

'நோவே இல்லாம இருந்தா நல்லாத்தானே டீச்சர்?' என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைப் பார்த்து ஒன்றைக் கண்டுகொண்டார். நோய் விரல்களைத் தானாக அழுகச் செய்யவில்லை. நோவு தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் கை அடிபட்டு, அடிபட்டதும் தெரியாமல் புண் பெருகித்தான் விரல்கள் போயின. பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். பிறவியிலேயே வலி தெரியாத குடும்பங்களை வட பாகிஸ்தானில் ஆராய்ந்து 2006-ல் எஸ்சிஎன்9ஏ என்ற மரபணுவில் காரணத்தைக் கண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாக்கிலும் உதட்டிலும் தாங்களே கடித்த காயங்கள், எலும்பு முறிந்ததும் தெரியாத கால்கள். சின்ன வகுப்புகளில் இந்தக் கதை வேண்டாம், பயந்துவிடுவார்கள்.

விடாத நோவு

சில பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை தோறும் வயிறு நோவும். மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்றிருப்பார். 'நடிக்கிறான்' என்று சொல்வது எளிது. ஆனால் நரம்புகள் ஒருமுறை கூர்மையாகிவிட்டால், சின்னச் செய்திக்கும் பெரிய வலி வரும். பயமும் தூக்கமின்மையும் அதைக் கூட்டும். திருட்டு நடந்த வீட்டு நாயைப் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்துங்கள். நாயை அடித்தால் அடங்காது. பக்கத்தில் போய், ஒன்றும் இல்லை என்று காட்டிக்காட்டித்தான் பழக்க வேண்டும். மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து அதைவிட மெதுவாக விடுவது, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நடை, பத்து நிமிடம் படுத்துவிட்டு மறுபடி வகுப்புக்கு வருவது. வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் நோவும் வளரும். கூடவே, திங்கட்கிழமை என்ன பாடம், யார் அடிக்கிறார்கள், பஸ்ஸில் என்ன நடக்கிறது என்றும் விசாரியுங்கள்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் நோவு, தலையில் அடிபட்டபின் வாந்தி, காய்ச்சலோடு கழுத்து வளையாமை, பையன்களுக்கு விதையில் திடீர் நோவு, இரவில் எழுப்பும் எலும்பு நோவு. விதை நோவில் சில மணி நேரம் தாமதித்தாலே அது கெட்டுப்போகலாம். வெட்கத்தால் பையன்கள் சொல்லமாட்டார்கள் என்பதால், ஐந்தாம் வகுப்பிலேயே ஆசிரியர் ஒருவர் தனியாக அழைத்துச் சொல்லிவிடுவது நல்லது. அவசரம் என்றால் 108.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மேஜைமேல் பிரம்பு இருக்கும் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நோவைச் சொல்லு, நாங்கள் நம்புவோம் என்று சொல்லும் ஆளே நோவைக் கொடுத்தால் பிள்ளை யாரை நம்பும்? 'ஆம்பளப் பிள்ளை அழலாமா', 'இதுக்குப் போயா' என்ற பேச்சுகளும் அன்றோடு வகுப்பைவிட்டுப் போகட்டும்.

பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, ஒவ்வொரு பிள்ளையிடமும் 'நோவு வந்தா எப்படிக் காட்டுவே?' என்று கேட்டுப் பாருங்கள். அட்டையோ, சைகையோ, புளியங்கொட்டையோ, சொல்லோ, ஏதாவது ஒன்று தயங்காமல் வர வேண்டும். வராத பிள்ளையோடு மட்டும் இன்னொரு தடவை உட்காருங்கள். வீட்டாரிடம் கேட்டு எழுதிய அந்தப் பக்கங்களைப் படியெடுத்து சத்துணவு அமைப்பாளருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் ஆளுக்கொன்று கொடுங்கள். ஜூனில் வகுப்பு மாறும்போது புது ஆசிரியர் கையில் அது முதல் நாளே போய்ச் சேர வேண்டும், வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் தவறாது.